பினாங்கில் வாங்கிய காற்று ஆப்புக் கருவித் தொகுப்பு: ஒரு மதிப்புரை

ஆறாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் செய்முறை வகுப்பு நடத்துபவர்கள் பினாங்கில் கருவி தேடி அலைவது புதிய செய்தியன்று. குடுவை, சோதனைக்குழாய், மின்தடை, கம்பிச்சுருள் என்றால் எந்த ஆய்வகப் பொருள் கடையிலும் கையோடு எடுத்துத் தருவார்கள். ஒளியியல் என்று வாயெடுத்தவுடன் கடைக்காரர் பட்டியலைப் புரட்டத் தொடங்குவார், பிறகு கோலாலம்பூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்பார், அதற்குப் பிறகு பேச்சே இருக்காது. இந்த நிலையில்தான் ஜார்ஜ்டவுனில் பள்ளிகளுக்குப் பொருள் வழங்கும் ஒரு கடை, தலைமுடி போன்ற மெல்லிய பொருளின் தடிமனை ஒளியைக் கொண்டு அளக்கும் காற்று ஆப்பு ஆய்வுக்கு வேண்டிய அனைத்தையும் ஒரே பெட்டியில் அடக்கிய தொகுப்பு ஒன்றை விற்பனைக்கு வைத்தது. 2,000 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவான விலையில் அதை வாங்கி, என் பிரத்தியேக வகுப்பு மாணவர்களோடு ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். கண்ணாடித் தகடுகளுக்காக இதை வாங்கலாம், நுண்ணோக்கிக்காகவும் ஓரளவு வாங்கலாம், விளக்குக்காக வாங்க வேண்டாம், உடன் வரும் கையேட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம் என்பது என் முடிவு. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொகுப்பு இந்தியாவில், ஹரியானா மாநிலத்து அம்பாலாவில் செய்யப்பட்டது. பள்ளி ஆய்வகக் கருவிகள் செய்யும் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. நம் பள்ளிகளின் பழைய ஆய்வகங்களில் இருக்கும் கருவிகளிலும் அந்த ஊர்ப் பெயரைப் பார்க்கலாம். பெட்டிக்குள் 60 மில்லிமீட்டர் நீளமுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள், விளக்கொளியைத் தகடுகளின்மேல் திருப்பிவிட 45 பாகைச் சாய்வில் இன்னொரு கண்ணாடியைத் தாங்கும் மரச்சட்டம், சோடியம் ஆவி விளக்கு, அதற்குரிய மின்மாற்றி, நகரும் நுண்ணோக்கி, தகடுகளுக்கிடையே செருகுவதற்கான செப்புக் கம்பித் துண்டுகள், ரப்பர் வளையங்கள், எட்டுப் பக்கக் கையேடு ஆகியவை இருக்கின்றன. தலைமுடி நம்முடையது.

ஆய்வின் அடிப்படையைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். இரண்டு தகடுகளும் ஒரு விளிம்பில் தொட்டுக்கொண்டு, மறுபுறம் ஒரு மெல்லிய பொருளால் தூக்கி நிறுத்தப்படும்போது, இடையில் உள்ள காற்று ஆப்பு வடிவம் பெறுகிறது. மேலிருந்து விழும் ஒற்றை நிற ஒளியில் ஒரு பகுதி மேல் தகட்டின் அடிப்பரப்பிலும் இன்னொரு பகுதி கீழ்த் தகட்டின் மேற்பரப்பிலும் எதிரொளித்துத் திரும்பி ஒன்றோடொன்று குறுக்கிடுவதால், தொடு விளிம்புக்கு இணையாகப் பொலிவும் கருமையுமான பட்டைகள் மாறிமாறித் தோன்றுகின்றன. ஒரு கரும்பட்டையிலிருந்து அடுத்த கரும்பட்டைக்குச் செல்லும்போது காற்றின் தடிமன் அரை அலைநீளம் கூடுகிறது. சோடியத்தின் சராசரி அலைநீளம் 589.3 நானோமீட்டர், ஆகவே ஒரு பட்டை என்பது ஏறத்தாழ 0.295 மைக்ரோமீட்டர் தடிமன். ஆறாம் படிவத்தினர் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வுக்குரிய இயற்பியலின் மூன்றாம் பருவத்தில் மென்படலக் குறுக்கீடு என்ற தலைப்பில் மாணவர்கள் தாளில் கணக்காகப் போடுவது இதைத்தான். தாளில் போடுபவர்களுக்கு இது ஒரு சூத்திரம். ஒருமுறை கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் தேவையே இருப்பதில்லை.

முதலில் தகடுகள். இத்தகைய தொகுப்புகளில் விலையைக் குறைக்க வேண்டுமானால் தயாரிப்பாளர் முதலில் கைவைப்பது தகடுகளில்தான். சாதாரண சன்னல் கண்ணாடியை வெட்டி, விளிம்பைத் தேய்த்து வைத்துவிட்டால் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. இந்தத் தொகுப்பில் அப்படிச் செய்யவில்லை. தகட்டின் தட்டைத்தன்மையைச் சோதிக்கப் பட்டைகளே போதும்: பரப்பு உண்மையில் தட்டையாக இருந்தால் பட்டைகள் நேராக ஓடும், நடுவில் பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் பட்டைகள் தொடு விளிம்பை நோக்கி வளையும், மேடு இருந்தால் எதிர்ப்புறம் வளையும். என்னிடமுள்ள இணையில், தகட்டின் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு பட்டையைத் தொடர்ந்து பார்த்தபோது, நடுவில் அதன் வளைவு பட்டை இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. அதாவது இரு பரப்புகளுக்கும் சேர்த்து மேடுபள்ளம் ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர். பள்ளிக் கருவி ஒன்றுக்கு இது தாராளமான தரம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உயிரியல் வகுப்பு நுண்ணோக்கிச் சில்லுகள் இரண்டை அதே இடத்தில் வைத்தபோது, பட்டைகள் மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் நெளிந்து, எந்தத் திசையில் எண்ணுவது என்றே தெரியாத நிலை ஏற்பட்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைகளில் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்யும் பெற்றோர் உள்ள மாணவர்களுக்கு இந்தச் சோதனை அந்நியமானதன்று. மெருகேற்றிய உலோகப் பரப்பின்மீது தட்டைக் கண்ணாடியை வைத்து, பட்டைகளின் வளைவைப் பார்த்துத் தட்டைத்தன்மையை மதிப்பிடுவது தொழிற்சாலைகளில் இன்றும் உள்ள முறை.

விளக்கைப் பற்றி இவ்வளவு நல்லவிதமாகச் சொல்ல முடியவில்லை. மின்னழுத்தம் நமக்குப் பொருந்துகிறது, செருகி பொருந்தவில்லை. இந்தியாவின் உருண்டை முனை மூன்றுகொண்ட செருகியோடு வந்த மின்மாற்றியை நம் சதுரத் துளைகளில் மாட்ட, கடையில் கொடுத்த இடைச்செருகி நிலக்கம்பி இணைப்பைச் சரியாகப் பிடிக்காமல் ஆடியது. மாணவர்கள் கைபடும் இடத்தில் அதை வைத்திருக்க மனமில்லாமல், மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை உள்ள செருகியை ஒரு மின்பணியாளரைக் கொண்டு மாற்றிக்கொண்டேன். இந்தச் செலவைக் கடைதான் ஏற்றிருக்க வேண்டும், ஏற்கவில்லை. விளக்கு ஏற்றியவுடன் சிவப்பு கலந்த ஒளியோடு தொடங்கி, சோடியம் ஆவியாகி முழு மஞ்சளுக்கு வரச் சில நிமிடம் எடுத்துக்கொள்வது எல்லாச் சோடியம் விளக்குகளுக்கும் உரிய இயல்பு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் விளக்கின் உலோக உறையில் ஒளி வெளிவரும் திறப்பு மிகவும் உயரத்தில் அமைந்திருப்பதால், மரச்சட்டத்தின் அடியில் புத்தகங்களை அடுக்கி உயர்த்தினால்தான் ஒளி 45 பாகைக் கண்ணாடியின் நடுவில் விழுகிறது. மின்மாற்றியின் ரீங்காரம் ஒரு சிறிய அறையில் பாடம் நடத்தும் குரலோடு போட்டியிடுகிறது.

விளக்குக்கு மாற்றாக மஞ்சள் எல்.இ.டி. வைத்த மலிவான வகையும் உண்டு என்று கடையில் சொன்னார்கள். அதை வாங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. எல்.இ.டி.யின் மஞ்சள் ஒளி கண்ணுக்குத்தான் ஒரே நிறம். உண்மையில் அது பதினைந்து இருபது நானோமீட்டர் அளவுக்குப் பரவிய நிறக்கூட்டம். அலைநீளத்தை அந்தப் பரவலால் வகுத்தால் வரும் எண்ணிக்கையளவே, அதாவது முப்பது நாற்பது பட்டைகளே, தெளிவாகத் தெரியும். அதற்குப் பிறகு எல்லாம் ஒரே மஞ்சளாகக் கலந்துவிடும். தலைமுடி வைத்த ஆப்பில் இருநூறுக்கு மேற்பட்ட பட்டைகள் இருக்கும்போது, தொடு விளிம்பிலிருந்து ஏழெட்டு மில்லிமீட்டருக்குள் மங்கிப்போகும் பட்டைகளை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது அதிகமில்லை. லேசர் சுட்டியைப் பயன்படுத்தலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். லேசர் ஒளி தகடுகளின் வெளிப்பரப்புகளுக்கிடையேயும் குறுக்கிட்டுத் தேவையற்ற பட்டைகளை எழுப்பும், காட்சிப்புலம் முழுவதும் மணல் தூவியதுபோல் பொறிப்பொறியாகத் தெரியும், அதோடு கண்ணுக்கும் தீங்கு. பள்ளி ஆய்வகத்தில் ஏற்கெனவே ஒரு சோடியம் விளக்கு இருந்தால் அதுவே போதும்.

நுண்ணோக்கியின் முதன்மை அளவுகோலில் அரை மில்லிமீட்டர்ப் பிரிவுகள், வெர்னியர் என்னும் துணை அளவுகோலில் 50 பிரிவுகள்; மீச்சிற்றளவு, அதாவது படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மில்லிமீட்டர். கோடுகள் ஆழமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன, வெளிச்சம் குறைந்த அறையிலும் கைவிளக்கின் உதவியோடு பிழையின்றிப் படிக்க முடிகிறது. கண்ணருகு லென்சின் குறுக்குக்கம்பி நேராக இருந்தது. அதைத் திருப்பிப் பட்டைக்கு இணையாக்கும் வசதியும் உண்டு. நுண்நகர்வுத் திருகில் மட்டும் ஆட்டம் இருக்கிறது. திருகை வலப்புறம் திருப்பிக்கொண்டிருந்து சட்டென இடப்புறம் திருப்பினால், கால் சுற்று வரைக்கும் குழல் நகர்வதே இல்லை. எண்ணும்போது ஒரே திசையில் மட்டும் நகர்த்துவது என்று முதலிலேயே பழக்கிவிட்டால் இந்த ஆட்டம் அளவீட்டைப் பாதிக்காது. இதைவிடப் பெரிய இடையூறு, நுண்நகர்வுத் திருகு ஏறத்தாழ பதினைந்து மில்லிமீட்டர் நகர்ந்ததும் அதன் எல்லை முடிந்துவிடுவது. பூட்டைத் தளர்த்தி, குழலைத் தள்ளி, மீண்டும் பூட்ட வேண்டும், அந்தப் பூட்டும் கணத்தில் காட்சி ஒரு குதி குதிக்கிறது. இருபது பட்டைகளை மட்டும் எண்ணுபவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

இங்கேதான் கையேட்டோடு எனக்குள்ள பிணக்கு தொடங்குகிறது. எட்டுப் பக்கத்தில் ஐந்து பக்கம் பட்டைகளை எப்படி எண்ணுவது என்பதற்கே போய்விட்டது: ஐந்து பட்டைக்கு ஒருமுறை அளவு குறித்து, முதல் குறிப்பை ஐந்தாம் குறிப்போடும் இரண்டாம் குறிப்பை ஆறாம் குறிப்போடும் கழித்து, இருபது பட்டைகளின் அகலத்தைப் பலமுறை பெற்று, சராசரி எடுத்து, ஒரு பட்டையின் அகலத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. முறை சரியானது, நம் பாடநூல்களிலும் இருப்பது. அதன் பிறகு சோடியத்தின் அலைநீளத்தைத் தொடு விளிம்பிலிருந்து தலைமுடிவரை உள்ள நீளத்தால் பெருக்கி, பட்டை அகலத்தின் இருமடங்கால் வகுத்தால் தலைமுடியின் தடிமன் வரும். அந்த நீளத்தை எப்படி அளப்பது என்பதற்குக் கையேடு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு வரி. அதற்கு மேலே உள்ள படத்திலோ, நீளம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பது தகட்டின் முழு நீளத்தை.

இதன் விளைவை எண்களில் காட்டுகிறேன். மாணவி ஒருவரின் தலைமுடியைத் தொடு விளிம்பிலிருந்து 50 மில்லிமீட்டர் தொலைவில் வைத்து எண்ணியபோது, இருபது பட்டைகளின் அகலம் 4.12 மில்லிமீட்டர் என வந்தது. ஒரு பட்டை 0.206 மில்லிமீட்டர். தடிமன் 0.0715 மில்லிமீட்டர் என்று கிடைக்கிறது. கையேட்டின் படத்தை நம்பி, தகட்டின் நீளமான 60 மில்லிமீட்டரைப் போட்டால் அதே எண்ணிக்கைக்கு 0.0858 மில்லிமீட்டர் என்று வரும்: இருபது விழுக்காடு கூடுதல். படத்தை நம்பாமல் பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து அளந்தாலும், கண்ணாடிக்கு மேலிருந்து பார்த்து, இரு முனைகளிலும் அரை மில்லிமீட்டர் தடுமாறினால் இரண்டு விழுக்காடு பிழை வந்துவிடுகிறது. பட்டைகளை எண்ணுவதில் வரும் பிழையோ, வெர்னியரில் இரண்டு பிரிவு தவறினாலும் அரை விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. மாணவர்கள் கண் எரிய எரிய எண்ணிச் சேர்த்த துல்லியத்தை, கடைசியில் ஒரு அளவுகோல் வாரிக்கொண்டு போகிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டுக்கும் வேண்டிய கருவி பெட்டியிலேயே இருக்கிறது. முதல் வழி, அந்த நீளத்தையும் நுண்ணோக்கியைக் கொண்டே அளப்பது: குறுக்குக்கம்பியைத் தொடு விளிம்பில் வைத்து ஒரு குறிப்பு, குழலைத் தள்ளித் தலைமுடியின் நடுவில் வைத்து இன்னொரு குறிப்பு, இரண்டையும் கழித்துவிட்டால் முடிந்தது. இரண்டாம் வழி எனக்குப் பிடித்தது. தொடு விளிம்பிலிருந்து தலைமுடிவரை உள்ள அத்தனை பட்டைகளையும் எண்ணிவிடுவது. அப்படிச் செய்தால் நீளமும் வேண்டாம், பட்டை அகலமும் வேண்டாம், எண்ணிக்கையை 0.2947 மைக்ரோமீட்டரால் பெருக்கினால் தடிமன் நேரடியாகக் கிடைத்துவிடும். அதே தலைமுடிக்கு எங்களுக்கு 243 பட்டைகள் வந்தன, தடிமன் 0.0716 மில்லிமீட்டர். ஒன்றிரண்டு பட்டைகள் விட்டுப்போனாலும் பிழை ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கும். இதே தலைமுடியைத் திருகு அளவியில் வைத்தால் 0.07 என்று காட்டும். அதன் மீச்சிற்றளவே 0.01 மில்லிமீட்டர் என்பதால் அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது, தாடைகள் முடியை நசுக்குவது வேறு.

முழுவதும் எண்ணுவது சலிப்பான வேலை என்பதை மறுக்கவில்லை. ஒருவர் கண்ணை எடுக்காமல் திருகைத் திருப்பிக்கொண்டே ஒவ்வொரு கரும்பட்டையும் குறுக்குக்கம்பியைக் கடக்கும்போது மேசையைத் தட்ட, இன்னொருவர் பத்துப் பத்தாகக் கோடு போட்டு, பத்துக்கு ஒருமுறை வெர்னியரையும் படித்து எழுதுவது நல்ல முறை. பூட்டைத் தளர்த்தும் இடத்தில் எண்ணிக்கை தவறாமலிருக்க, அதற்கு முன்பும் பின்பும் உள்ள வெர்னியர்க் குறிப்புகளின் வேறுபாட்டைப் பட்டை அகலத்தால் வகுத்து, இடையில் எத்தனை பட்டைகள் போயின என்று சரிபார்த்துக்கொள்ளலாம். கைப்பேசியின் கேமராவைக் கண்ணருகு லென்சில் பொருத்திக் காணொளியாகப் பிடித்து, பிறகு மெதுவாக ஓட்டி எண்ணுவதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். அதில் எண்ணிக்கை மேலும் நம்பகமாக வருகிறது. பழைய கடைவீட்டின் மரத்தள மாடியில் வகுப்பு வைத்திருப்பவர்கள், கீழே கனரக வாகனம் போகும்போது சற்று நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த அதிர்வில் பட்டைகள் நகர்வதில்லை, குறுக்குக்கம்பிதான் நடுங்குகிறது. இருந்தாலும் எண்ணுபவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தொடு விளிம்பைப் பற்றியும் கையேடு போதிய அளவு பேசவில்லை. தகடுகள் உண்மையிலேயே தொட்டால், அந்த இடத்தில் காற்றின் தடிமன் ஏறக்குறையச் சுழி. பாதை வேறுபாடு இல்லாததால் அங்கே பொலிவு இருக்க வேண்டும் என்றுதான் மாணவர்கள் நினைப்பார்கள். இருப்பதோ கரும்பட்டை. கீழ்த் தகட்டில், காற்றிலிருந்து கண்ணாடியை நோக்கி வந்து எதிரொளிக்கும் கதிர் மட்டும் அரை அலைநீளத்துக்குச் சமமான கட்ட மாற்றத்தைப் பெறுவதே காரணம். ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங் இதைச் சோதிக்க, ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதற்கான அளவு) வேறுபட்ட இருவகைக் கண்ணாடிகளுக்கிடையே, இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணுடைய சாசஃப்ராஸ் எண்ணெயை வைத்து, தொடும் இடத்தைக் கருமையிலிருந்து வெண்மையாக மாற்றிக் காட்டினார். அந்த எண்ணெய் நமக்குத் தேவையில்லை. தொடு விளிம்பில் கரும்பட்டை இருக்கிறதா என்று பார்ப்பதே போதும். சோடியம் ஒளியில் எந்தக் கரும்பட்டை உண்மையில் முதலாவது என்று சொல்ல முடியாது என்பதால், விளக்கை அணைத்துவிட்டு வெள்ளொளியில் பார்க்க வேண்டும். தகடுகள் தொட்டிருந்தால் விளிம்பையொட்டி ஒரு கரும்பட்டையும் அடுத்துச் சில வண்ணப் பட்டைகளும் தெரியும். வண்ணமே தெரியாவிட்டால் இடையில் தூசி இருக்கிறது என்று பொருள். 3 மைக்ரோமீட்டர் உயரமுள்ள ஒரு துகள் தொடு விளிம்பைத் தூக்கிவிட்டால் பத்துப் பட்டைகள் காணாமற்போகும், மேற்சொன்ன தலைமுடியின் தடிமன் நான்கு விழுக்காடு குறைந்து வரும். வெள்ளொளிச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைப் பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை.

செருகுபொருள்களுக்கு வருகிறேன். தலைமுடி எல்லோருக்கும் பிடித்த பொருள், அளவீட்டுக்கு மோசமான பொருள். அதன் குறுக்குவெட்டு முழு வட்டமன்று, நீள்வட்டம். தகடுகளுக்கிடையே அது எந்தப் பக்கமாகப் படுக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். அதைவிட, தூண்டில் கடையில் கிடைக்கும் மெல்லிய நைலான் இழை நல்லது. 0.10 மில்லிமீட்டர் என்று சுருளில் அச்சிட்டிருக்கும் இழையில் ஏறத்தாழ 340 பட்டைகள் வர வேண்டும்; வந்த எண்ணிக்கையை அச்சிட்ட அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் மாணவர்களுக்குத் தனி ஆர்வம். எண்ணப் பழகாத புதியவர்களுக்குச் சமையலறை அலுமினியத் தாளைப் பரிந்துரைப்பேன். 0.016 மில்லிமீட்டர் அளவுள்ள தாளுக்கு மொத்தமே 54 பட்டைகள்தான், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் அகலம், நுண்ணோக்கியே இல்லாமல் வெறுங்கண்ணால் எண்ணி முடிக்கலாம். தாளைக் கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு மடிந்து உயர்ந்துவிடும், புதிய சவரத்தகட்டால் வெட்டவேண்டும்.

தொகுப்போடு வரும் செப்புக் கம்பிகளில் தடித்தது 0.2 மில்லிமீட்டர். அதையும் 50 மில்லிமீட்டர் தொலைவில் செருகிப் பார்க்கும் மாணவர்கள், தொடு விளிம்பிலிருந்து 36 மில்லிமீட்டரை நெருங்கும்போது பட்டைகள் வெளிறி மறைந்துவிடுவதைக் கண்டு கருவி பழுது என்று முறையிடுவார்கள். பழுது கருவியில் இல்லை, சோடியத்தில் இருக்கிறது. சோடியத்தின் மஞ்சள், 589.0 நானோமீட்டரும் 589.6 நானோமீட்டருமான இரண்டு ஒளிகளின் கூட்டு. தொடக்கத்தில் இரண்டின் பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கும். போகப்போக விலகி, 490-ஆம் பட்டையை ஒட்டி ஒன்றின் கருமை மற்றதன் பொலிவில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த இடத்தில் காற்றின் தடிமன் 0.145 மில்லிமீட்டர். பிரான்சின் இயற்பியலாளர் ஃபிசோ 1862-இல், இதே பட்டைகள் வட்டமாகத் தோன்றும் நியூட்டன் வளையங்களை எண்ணிக்கொண்டே போய், 490-ஐ ஒட்டி வளையங்கள் மறைவதையும் 980-ஐ ஒட்டி மீண்டும் தெளிவாவதையும் பதிவு செய்தார். சோடியத்தின் மஞ்சள் இரட்டை என்பதை வளையங்களின் எண்ணிக்கையே அவருக்குச் சொன்னது. தயாரிப்பாளர் இந்தக் கம்பியைத் தெரிந்தே வைத்தாரா, கையில் இருந்ததை வைத்தாரா என்று சொல்வதற்கில்லை. எப்படியிருந்தாலும், தொகுப்பில் உள்ளவற்றில் மிகச் சுவையான ஆய்வு இந்தக் கம்பியில்தான் ஒளிந்திருக்கிறது. பட்டை ஒன்று 0.074 மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதால் எண்ணுவது கடினம். ஆனால் மங்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதன் தொலைவை அளக்க எண்ண வேண்டியதில்லை.

கையேட்டின் கடைசி ஆய்வு, ஆப்புக்குள் தண்ணீர் விட்டுப் பட்டை அகலம் குறைவதைக் கொண்டு தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணைக் காண்பது. 0.206 மில்லிமீட்டர்ப் பட்டை 0.155 ஆகச் சுருங்க வேண்டும். கோட்பாட்டில் குறையில்லை, பார்ப்பதில்தான் சிக்கல்: கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையே நான்கு விழுக்காடு எதிரொளிக்கும் ஒளி, கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் இடையே அரை விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது, தகட்டின் மேற்பரப்பிலிருந்து வரும் வெளிச்சமோ குறையாமல் அப்படியே இருக்கிறது. அதனால் பட்டைகள் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் மங்கித் தெரியும். அறையை முழுவதும் இருட்டாக்கினாலும் என் மாணவர்களில் சிலரால் மட்டுமே எண்ண முடிந்தது. பள்ளிகள் இந்த ஆய்வை விட்டுவிடலாம்.

நம் தட்பவெப்பத்துக்கு ஏற்பச் சில ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. குளிரூட்டிய அறையிலிருந்து தகடுகளை வெளியே எடுத்தவுடன் அவற்றின்மேல் நீராவி படிகிறது; சிறிது நேரம் வெளிச்சூட்டுக்கு வரவிட்டே துடைக்க வேண்டும். மின்விசிறி தூசியைக் கிளப்பும், மேசையையும் ஆட்டும். விரல் பட்டாலும் பட்டைகள் நிலைகொள்வதில்லை, தகட்டின் ஓரத்தை ஒரு மாணவன் விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தபோது, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவள் "டீச்சர், கோடெல்லாம் ஓடுது!" என்று கூவினாள். விரலின் அழுத்தமும் சூடும் கண்ணாடியில் உண்டாக்கும் மாற்றம் மிகச் சிறியதுதான், ஆனால் இந்தக் கருவி அதைப் பார்க்கும் அளவுக்கு நுட்பமானது. எண்ணத் தொடங்குமுன் கையை எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுப்பது வழக்கமாக வேண்டும். நுண்ணோக்கியின் லென்சுகளில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, பயன்படுத்தாத நாட்களில் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் வைக்கிறேன். தொகுப்போடு வரும் மரப்பெட்டி அழகாக இருக்கிறது, ஈரத்தைத் தடுக்காது.

கடையின் சேவை கலவையானது. கேட்ட கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொன்னார்கள், பெட்டியைத் திறந்து தகடுகளை வெளிச்சத்தில் பார்க்க விட்டார்கள், 45 பாகைக் கண்ணாடியைத் தாங்கும் வில் தளர்ந்திருந்ததைச் சொன்னவுடன் மாற்றித் தந்தார்கள். விளக்கின் குமிழ் பழுதானால் மாற்றுக் குமிழ் கைவசம் இல்லை, தருவிக்க வேண்டும் என்பதை மட்டும் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள். இது வாங்குமுன் சொல்லவேண்டிய செய்தி.

சோடியம் விளக்கும் நகரும் நுண்ணோக்கியும் ஏற்கெனவே உள்ள பள்ளிக்கு இந்த முழுத் தொகுப்பு தேவையில்லை. தகடுகளையும் சட்டத்தையும் மட்டும் தனியாகக் கேட்டு வாங்கலாம். தனியாகத் தர முடியுமா என்று விசாரித்தபோது, "விளக்கு வேண்டாம்னா அதக் கழிச்சுக்கிட்டுத் தர்றோம் டீச்சர், தகடு மட்டும்னா ரெண்டு ஜோடியா எடுத்துக்கணும்" என்றார் கடைக்காரர். இரண்டு இணையாக வாங்குவது நட்டமன்று: ஒன்றில் தலைமுடியும் மற்றொன்றில் அலுமினியத் தாளும் வைத்து ஒரே விளக்கின் கீழ் அருகருகே அடுக்கினால், இரு குழுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். வாங்கும்போது ஒவ்வொரு இணையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கடையின் விளக்கொளியிலேயே வண்ணப் பட்டைகள் நேராக வருகின்றனவா என்று பார்த்து எடுக்க வேண்டும். எல்லா இணைகளும் ஒரே தரத்தில் இருப்பதில்லை.